அது குமிழ் இல்லை, சிக்கந்தர்

சிக்கந்தர் இறந்த செய்தி எனக்கு வாட்ஸப்பில் வந்தது. காலை நடை முடிந்து தேனி பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கல்லூரித் தாவரவியல் துறையின் முன்னாள் மாணவர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் முத்துச்செல்வி, இப்போது அவளே பள்ளி ஆசிரியை, இரண்டு வரி போட்டிருந்தாள்: "நம்ம லேப் சிக்கந்தர் அண்ணன் இன்று அதிகாலை காலமாகிவிட்டார். அஸர் தொழுகைக்குப் பின் உத்தமபாளையத்தில் நல்லடக்கம்." நான் படித்து நிமிர்வதற்குள் அதன் கீழே செய்திகள் வரத் தொடங்கின. சிங்கப்பூரிலிருந்து ஒருவன், ஓசூரிலிருந்து ஒருத்தி, என்னிடம் பத்து வருஷமாக ஒரு வணக்கம்கூடச் சொல்லாதவர்கள் எல்லாம் அண்ணன், அண்ணன் என்று அழுதிருந்தார்கள். டீ ஆறிப்போகும்வரை வந்துகொண்டே இருந்தன. நான் செத்தால் இதில் பாதியாவது வருமா என்று அங்கேயே நின்று யோசித்தேன். அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு அதுதான்.

அடுத்து வந்தவை படங்கள். சிக்கந்தர் மைக்ராஸ்கோப் வழியாக எடுத்த செடிகளின் படங்கள். பூசணித் தண்டின் குறுக்குவெட்டு, வெங்காயத் தோல், புளிய இலையின் வாய்த்துளைகள், நெல் வேர். ஒவ்வொருவரும் தன்னிடம் இருந்ததைத் தேடி எடுத்துப் போட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும், எத்தனையோ கைபேசி மாற்றியும், அந்தப் படங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நானும் படம் எடுத்தவன்தான். அவரைவிட அதிகமாக எடுத்தவன். என் படம் ஒன்றுகூட அன்று வரவில்லை.

துறையில் நான் பேராசிரியர். முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். சிக்கந்தர் ஆய்வுக்கூட உதவியாளர். கண்ணாடித் துண்டுகளைக் கழுவுவது, சாயம் கரைப்பது, பாடத்துக்கு வேண்டிய செடியைப் பறித்துக்கொண்டு வருவது, கடைசியில் பூட்டிச் சாவியை ஒப்படைப்பது அவர் வேலை. பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவர். கம்பம் பக்கம் அவருடைய அப்பா, அவர் பேச்சில் அத்தா, திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். வேலைக்கு வரும்வரை சிக்கந்தர் பந்தலுக்கு அடியில் நின்று கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவர். "சார், நீங்கதான் அவரோட ரொம்ப வருஷம் இருந்தீங்க. நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும்" என்று முத்துச்செல்வி கேட்டபோது சரி என்றுவிட்டேன். புகழ்ந்து நாலு பக்கம் எழுத எனக்கு வராமல் இல்லை. ஆனால் அவருக்கு நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் இந்த மலரில் நான் எழுதுவது எல்லாம் பொய்யாகிவிடும். சிக்கந்தரை அறிந்த நீங்கள் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். முதலாண்டு மாணவர்களுக்குத் தண்டை எப்படி வெட்டுவது என்று காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தண்டின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டுமானால் வெளிச்சம் ஊடுருவிப் போகிற அளவுக்கு அதை மெல்லிசாகச் சீவ வேண்டும். அதற்குச் சவர பிளேடு போதும், மீதி எல்லாம் கையில் இருக்கிறது. என் கையில் அது இல்லை. முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் கிழிந்துதான் வரும். அன்றும் அப்படித்தான் வந்தது. பின்னால் நின்ற சிக்கந்தர் ஒரு சிறிய கண்ணாடிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். தண்ணீரில் நாலைந்து சீவல்கள் மிதந்தன. மிதப்பது தெரிந்ததே தவிர சீவல்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு மெல்லிசு.

"சார், இதையும் போட்டுப் பாருங்க."

சாயம் ஏற்றிப் பார்த்தேன். பூசணித் தண்டுதான். ஆனால் அப்படி ஒரு பூசணியை நான் பார்த்ததில்லை. நடுவில் ஐந்து முனையுள்ள வெற்றிடம். அதைச் சுற்றி இரண்டு வட்டமாக நீர்க்குழாய்க் கற்றைகள், ஒவ்வொன்றிலும் சிவப்பேறிய பெரிய துளைகள். ஒரு செல்லின் சுவர்கூட நசுங்கவில்லை. மாணவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள், பார்த்தவர்கள் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்கள். எப்படி வெட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டுவிட்டாள். "பிளேட அமுக்கக் கூடாதும்மா. இழுக்கணும். அமுக்குனா நசுங்கிரும், இழுத்தா அதுவா விட்டுக் குடுத்துரும்" என்றார். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் அந்த மணி நேரத்தில் சொன்ன எதையும் அவள் எழுதவில்லை. எனக்கு வயிறு எரியத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

பிறகு துறைக்குக் கேமரா பொருத்திய புது மைக்ராஸ்கோப் வந்தது. நானே அலைந்து, எழுதி, முதல்வர் அறை வாசலில் காத்து நின்று வாங்கியது. அதற்குத் தனி அறை, தனிப் பூட்டு. சாவி என் பையில் இருக்கும். சிக்கந்தர் அதைத் துடைக்கலாம், தொடக்கூடாது என்று வைத்திருந்தேன். துடைக்காமல் எப்படித் தொடுவது, தொடாமல் எப்படித் துடைப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் கேட்கவில்லை.

அவர் ஜன்னலோரம் கிடந்த பழைய மைக்ராஸ்கோப்பை எடுத்துக்கொண்டார். அதற்கு மின்விளக்கு கிடையாது. அடியில் ஒரு கண்ணாடி, அதைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டிக் கண்வைக்கும் குழாயில் மாட்டி, அதன்மேல் கைபேசியைப் பொருத்திப் படம் எடுத்தார். அந்தப் படங்களில் ஒவ்வொரு செல்லும் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. தொட்டால் விரலில் தட்டுப்படும்போல இருந்தது. என் கேமராவில் அதே சீவல் தட்டையாகப் பாடப்புத்தகம் மாதிரி விழும். ஒரு மதியம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் போய்ப் பார்த்தேன். கீழே இருந்த கண்ணாடியின் பாதியை ஒரு பஸ் டிக்கெட் மறைத்துக்கொண்டிருந்தது. தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸின் டிக்கெட். அவ்வளவுதான் வித்தை. வெளிச்சத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து விட்டிருக்கிறார், அதனால் நிழல் விழுந்து எல்லாம் எழும்பி நிற்கிறது.

மறுநாள் என் அறையைப் பூட்டிக்கொண்டு நானும் ஒரு பஸ் டிக்கெட்டை வைத்துப் பார்த்தேன். படம் பாதி கறுப்பாக வந்தது. ஆண்டிபட்டி டிக்கெட் என்பதால் சரியாக வரவில்லையோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தபோது சிக்கந்தர் வாசலில் கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பார்வையைத் துண்டிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "மிஷின்ல இருக்க லைட்டு எல்லாத்தையும் காட்டிருது சார். எல்லாத்தையும் காட்டுனா எதப் பாக்குறதுன்னு தெரியாமப் போயிருது. கொஞ்சம் கொஞ்சமா தள்ளி வச்சுப் பாருங்க." நான் கேட்காதவன்போல உள்ளே போய்விட்டேன்.

கல்லூரிக்குள் பொறாமைப்படுவது பழகிப்போயிற்று. வெளியிலும் அவர் விடவில்லை. எனக்கு ஏழரை நடந்த சமயம், மனைவியின் பிடுங்கல் தாங்காமல் ஒரு சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போனேன். கோயிலுக்கு வெளியே எள் விளக்கு விற்கிற கடையில் நின்றால், விளக்குத் தட்டுகளுக்கு மேலே லேமினேட் செய்து ஒரு படம் தொங்குகிறது. நாலு இதழ் வைத்த ஒரு கண்ணாடிப் பூ. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எள் இலையில் கண்ணுக்குத் தெரியாத சுரப்பிகள் உண்டு, நாலு செல் சேர்ந்து பூ மாதிரி நிற்கும். அதை யார் அப்படி எடுத்திருக்க முடியும் என்பதும் தெரிந்துவிட்டது.

கடைக்காரரிடம் இது என்ன என்று கேட்டேன், தெரியாதவன்போல.

"எள்ளுச் செடியாம் சார். உத்தமபாளையத்து பாய் ஒருத்தர், காலேசுல வேல பாக்குறாக, இங்கன வயல்ல இல பறிக்க வந்தாக. இலைக்குள்ள பூ இருக்குன்னாக. நா சிரிச்சேன். அடுத்த வாரம் படமா கொண்டாந்து குடுத்துட்டுப் போயிட்டாக. வாரவுக எல்லாம் சாமி படம்னு நினைச்சுக் கும்புடுறாக, நானும் ஒண்ணுஞ் சொல்றதில்ல."

எனக்குச் சனி எந்த வீட்டில் இருக்கிறார் என்று ஜோசியர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். என் ஆய்வுக்கூடத்தில் நூற்றைம்பது ரூபாய் காக்கிச் சட்டையோடு இருக்கிறார் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. விளக்கை ஏற்றிவிட்டு வந்து சேர்ந்தேன். திங்கட்கிழமை அவர் "சனிக்கிழம குச்சனூர்ல உங்களப் பாத்ததா கடைக்காரர் சொன்னாரே சார்" என்று சிரித்தபோது, எனக்கு வேலை இருக்கிறது என்றேன்.

இனி அந்தக் காரியம். கல்லூரியில் ஒரு அறிவியல் கண்காட்சி. மாணவர்கள் வற்புறுத்தி சிக்கந்தரின் படங்களைத் தாழ்வாரம் முழுக்க மாட்டினார்கள். நடுவில் எல்லாவற்றிலும் பெரியதாக ஒன்று. திராட்சைக் கொடியின் இளம் பற்றுக்கம்பி, அதாவது கொடி பிடித்துக்கொண்டு ஏறுகிற அந்தச் சுருள். அதன் நெடுகிலும் சின்னச் சின்னக் காம்புகளில் ஒளி ஊடுருவும் உருண்டைகள். பின்னணி கருநீலம், உருண்டைகள் ஒவ்வொன்றிலும் ஜன்னல் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பக்கத்துச் சுவரில் என் ஆய்வு விளக்கப்படம், பதினெட்டு படங்கள், நாலு அட்டவணை. மதுரையிலிருந்து தலைமை விருந்தினராக ஒரு பேராசிரியர் வந்திருந்தார். என் துறையில் பெரிய ஆள், அவர் கண்ணில் பட வேண்டுமென்றுதான் அந்த விளக்கப்படத்தை இரண்டு மாதம் உட்கார்ந்து செய்தேன். அவர் என் சுவரைக் கடந்து போனார், நின்ற மாதிரிகூட இல்லை. பற்றுக்கம்பிப் படத்தின் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"யார் எடுத்தது? அடுத்த மாதம் மதுரையில் எங்கள் கருத்தரங்கு. இதை முகப்பில் பெரிதாக வைக்கலாம். எடுத்தவரையும் கூப்பிடலாம். இந்த உருண்டைகள் என்ன?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"காற்றுக்குமிழ்" என்றேன்.

மைக்ராஸ்கோப்பைத் தொட்ட எவருக்கும் இது தெரியும். சீவலைத் தண்ணீர் விட்டுக் கண்ணாடியால் மூடும்போது காற்று சிக்கிக்கொள்ளும். உள்ளே உருண்டையாக, அழகாகத் தெரியும். ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் ஒரு மாணவனாவது அதைச் செல் என்று நினைத்து வரைந்து, வண்ணமும் தீட்டி, எங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். எங்கள் துறையில் ஒருவரை முட்டாள் என்று சொல்ல இதைவிட மரியாதையான வழி கிடையாது. விருந்தினரின் முகம் மாறிவிட்டது.

சிக்கந்தர் பின்னால் நின்றிருந்தார். "சார், குமிழ் இல்ல சார்" என்றார், மெதுவாக. "எங்க தோட்டத்துலயே இருக்கும் சார். காலம்பற தளிர்ல வெறுங்கண்ணுக்கே தெரியும். கொடி வேர்க்குதுன்னு எங்க அத்தா சொல்லுவாக."

"தண்ணீர் விட்டுத்தானே எடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"ஆமா சார், தண்ணி விட்டேன், ஆனா..."

"பிறகென்ன. கொடிக்கு எங்கேயாவது வேர்க்குமா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். விருந்தினர் சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். சிக்கந்தரும் ஒரு மாதிரி சிரித்தார். மாலையில் போய்ப் பார்த்தபோது சுவரில் அந்த இடம் காலியாக இருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் சொன்னதல்ல. காற்றுக்குமிழுக்கு விளிம்பு கறுப்பாகத் தடித்து இருக்கும். அந்தப் படத்தில் விளிம்பு மெல்லியது. உருண்டைக்குள் பந்தின் தையல்போல மங்கலான கோடுகள் ஓடின, செல் சுவர்கள். நான் அவற்றைப் பார்த்தேன். பார்த்தபிறகுதான் குமிழ் என்றேன். அந்த உருண்டைகளுக்கு என்ன பெயர் என்று அப்போது எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். பெயர் தெரியாத ஒன்றை அவர் கண்டுபிடித்து அழகாகவும் எடுத்துவிட்டார் என்பதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை கம்பம் சாலையில் ஒரு தோட்டத்தில் இறங்கி இளம் கொடி ஒன்று கேட்டு வாங்கினேன். ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் விடாமல், கண்ணாடி மூடாமல், காய்ந்த கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லாத இடத்தில் குமிழ் வராது. உருண்டைகள் இருந்தன. ஊசியால் தொட்டேன், உடைந்து ஈரம் கசிந்தது. கொடியில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டு உடைத்துப் பார்த்தேன். அலமாரியில் ஒரு பழைய நூலில் பெயரும் கிடைத்தது: முத்துச் சுரப்பி. திராட்சைத் தளிரிலிருந்தே வளர்கிற உறுப்பு. கொடி வேர்க்கிறது என்று சிக்கந்தரின் அத்தா சொன்னது, நான் சபையில் சொன்னதைவிட ஆயிரம் மடங்கு சரி.

மணி அடித்தது. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். திரும்பி வந்தபோது மைக்ராஸ்கோப் உறை போட்டிருந்தது. கண்ணாடித் துண்டு கழுவிக் காய்ந்துகொண்டிருந்தது. நான் கொண்டுவந்த கொடி வாடாமல் இருக்க ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி என் மேஜைமேல் வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. அந்தத் தம்ளரைப் பார்த்ததும் எனக்கு ஒன்று உறுதியாயிற்று. அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் சோதித்ததும், நான் பொய் சொன்னதும் தெரிந்துவிட்டது. அவராகக் கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை.

ஆனால் அதன்பிறகு ஒரு பழக்கம் வந்தது. எந்தப் படம் எடுத்தாலும் முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். காட்டிவிட்டுக் கேட்பார்: "குமிழ் இல்லையே சார்?" முருங்கைப் பூவின் மகரந்தத்தைக் காட்டிக் கேட்டார். தும்பை இலையின் ரோமத்தைக் காட்டிக் கேட்டார். எந்தக் குழந்தைக்கும் தெரியும் அது குமிழ் இல்லையென்று. குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். மனுஷன் எவ்வளவு நயமாகப் பழி வாங்குகிறார், சபைக்கு நடுவில் ஒரே ஒரு முறை நான் செய்ததைத் தினம் தினம் திருப்பிச் செய்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு "இல்லை" என்பேன். அந்த நயத்தின்மேலும் எனக்குப் பொறாமைதான். எனக்கும் அவருக்கும் நடுவே எல்லாம் தெரிந்த ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான் என்று ஓய்வு பெறும்வரை நிம்மதியாக இருந்தேன்.

சென்ற கார்த்திகையில் அவருக்கு இதயம் பலவீனமாகிப் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு உத்தமபாளையம் போனேன். எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். சின்னமனூர் தாண்டும்வரை வாக்கியங்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், ஆள் பாதியாகியிருந்தார். "சார் வந்துருக்காக, சேர எடுத்துப் போடுங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். பிறகு கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கறிவேப்பிலையின் எண்ணெய்ப் பைகள், பச்சைக்குள் மஞ்சள் விளக்குகளாக. படுத்த படுக்கையில் எப்படி எடுத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அங்கேயும் வயிறு எரிந்தது.

"குமிழ் இல்லையே சார்?"

"இல்லை சிக்கந்தர்" என்றேன். "அது குமிழ் இல்லை." இரண்டாவது முறை சொன்னது அந்தப் பழைய படத்துக்காக. அவருக்கு அது போய்ச் சேரும் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் படத்தை யாருக்கோ அனுப்பினார். சாயா குடித்துவிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். அவருடைய தம்பி ஜமால் முன்னறையில் உட்காரவைத்தார். தோட்டத்தை இப்போது பார்ப்பவர் அவர்தான். சிக்கந்தரின் மனைவி ஹமீதா, கணவர் இறந்தபின் வெளியாட்கள் முன் வராமல் இருக்கிற இத்தாவில் இருந்ததால் திரைக்குப் பின்னால் இருந்து, "வாங்க சார்" என்று குரல் மட்டும் வந்தது. மலருக்காக நல்ல படங்களைக் கேட்டேன். ஜமால் ஒரு பெட்டியைத் திறந்து சட்டம் போட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அடியில் அந்தப் பற்றுக்கம்பிப் படம், முகம் உட்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தது.

"இது வேணாம் சார்" என்று அவரே ஒதுக்கினார். "இது தப்பான படமாம். அண்ணே சொல்லிருக்காக."

"யார் தப்பு என்றது?"

"நீங்கதான சார். அண்ணே முதல்ல ஒத்துக்கலயாம். அத்தா சொன்னது தப்பா இருக்காதுன்னு அன்னைக்குச் சாயந்தரம் இங்கன வந்து சொல்லிக்கிட்டு இருந்தாக. மறுநா நீங்க கொடியவே கொண்டாந்து வச்சுச் சோதிச்சுப் பாத்தீகளாம்ல. கழுவுறப்பப் பாத்தாகளாம், கொடியில ஒரு உருண்டகூட இல்லையாம். நீங்களும் ஒண்ணுஞ் சொல்லல. சோதிச்சுப் பாத்துட்டுச் சார் ஒண்ணுஞ் சொல்லலைன்னா அப்ப நம்மதான் தப்புன்னுட்டாக. அத்தா பனியப் பாத்துட்டுச் சொல்லிருப்பாகன்னு விட்டுட்டாக. அப்புறம் எந்தப் படத்தையும் உங்ககிட்டக் கேக்காம வெளிய குடுக்க மாட்டாக. எனக்குக் கண்ணு ஏமாத்திருது, சாருக்கு ஏமாத்தாதும்பாக."

கொடியில் ஒரு உருண்டைகூட இல்லை. நான்தான் ஊசியால் அத்தனையையும் உடைத்திருந்தேன். அவர் குத்திக்காட்டவில்லை. ஒவ்வொரு முறையும் உண்மையாகவே கேட்டிருக்கிறார்.

"தப்பு இல்லை ஜமால்" என்றேன். "உங்க அத்தா சொன்னதுதான் சரி. அது கொடியிலிருந்தே வருவது. படமும் சரி. எனக்கு மறுநாளே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை."

ஜமால் படத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் இருந்து ஹமீதா பேசினார்.

"அவுக இருக்கையிலயே ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே சார். ரொம்ப சந்தோசப்பட்டுருப்பாக."

கோபப்பட்டிருப்பார் என்று சொல்லவில்லை. முகம் தெரியாததால் அந்தக் குரலில் வேறு ஏதாவது இருந்ததா என்றும் எனக்குத் தெரியவில்லை.

மலரின் முகப்பில் அந்தப் பற்றுக்கம்பிப் படம்தான் வர வேண்டும் என்று முத்துச்செல்வியிடம் சொல்லியிருக்கிறேன். அதில் இருப்பவை முத்துச் சுரப்பிகள். அவற்றைக் குமிழ் என்று நான் சொன்னது பொய்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று எழுதச் சொன்னார்கள். பொருளாக ஒன்றும் இல்லை. பொறாமை இருக்கிறது. அவர் கையைப் பார்த்து வந்த பொறாமை இப்போது பாதி குறைந்துவிட்டது, எனக்கும் வயதாகிக் கை நடுங்குகிறது. இது வேறு. தன் கண்ணால் பார்த்ததையும் தன் தகப்பன் சொன்னதையும் இன்னொருவர் பேச்சுக்காக ஒதுக்கி வைக்கிற அளவுக்கு அவரால் ஒரு ஆளை நம்ப முடிந்திருக்கிறது. நம்பியது என்னை, ஏமாந்தது அவர். எனக்கு எழுபது வயது ஆகப்போகிறது. நான் இதுவரை யாரையும் அப்படி நம்பியதில்லை, இனி நம்பப்போவதும் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் அவர்மேல் வயிறு எரிகிறது.